ரெஸ்யூமில் உங்கள் வேலை தெரியட்டும்!

வேலைவாய்ப்பு முகாமில் நீண்ட வரிசை. கையில் ஒரு ஃபைல், அதற்குள் சான்றிதழ் நகல்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயோடேட்டா. உங்கள் முறை வந்ததும் நிறுவனத்தின் சார்பில் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பார். உங்களுக்குப் பின்னால் இன்னும் நிறைய பேர் நிற்கிறார்கள். அவருக்கு நேரம் கிடையாது. அந்த ஒரு பார்வையில் அவர் தேடுவது ஒன்றைத்தான்: "நமக்கு வேண்டிய வேலையை இவரால் செய்ய முடியுமா?"

ஆனால் நம்மில் பலர் கொடுக்கும் தாளில் அவர் கண்ணில் முதலில் படுவது என்ன? தந்தை பெயர், பாலினம், மதம், சாதி, திருமணம் ஆனவரா இல்லையா. கீழே வந்தால் படிப்பு. அதற்கும் கீழே, "அனுபவம்: இல்லை". மூன்று வருஷம் ஜவுளிக் கடையில் பில் போட்டவரும் இப்படித்தான் எழுதுகிறார். ஐந்து வருஷம் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு வழக்கைப் பார்த்தவரும் இப்படித்தான் எழுதுகிறார். "அதெல்லாம் ஒரு அனுபவமா?" என்று நாமே நினைத்துவிடுகிறோம். கையில் இருக்கும் திறமை தாளுக்கு வராமலே போய்விடுகிறது. கிடைக்க வேண்டிய வேலை கைநழுவுவது பல நேரம் இந்த இடத்தில்தான்.

இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. உங்கள் செல்போனும் ஒரு சாயங்கால நேரமும் போதும்.

பயோடேட்டா, ரெஸ்யூம், சி.வி. என்ன வித்தியாசம்?

பயோடேட்டா என்பது நீங்கள் யார் என்று சொல்லும் தாள். பிறந்த தேதி, குடும்பம், முகவரி எல்லாம் அதில் வரும். ரெஸ்யூம் என்பது உங்களால் என்ன வேலை செய்ய முடியும் என்று சொல்லும் தாள். ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு பக்கம். சி.வி. என்பது இன்னும் விரிவானது. ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி, மருத்துவம் போன்ற துறைகளில் படிப்பு, கட்டுரைகள், பணிகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவார்கள்.

நம் ஊரில் இந்த மூன்று பெயர்களையும் கலந்தேதான் சொல்கிறார்கள். விளம்பரத்தில் "பயோடேட்டாவுடன் வரவும்" என்று இருந்தாலும், "சி.வி. அனுப்பவும்" என்று இருந்தாலும், தனியார் நிறுவன வேலைக்குப் பெரும்பாலும் ரெஸ்யூமைக் கொடுத்தாலே போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அரசுத் துறைகளில் தொகுப்பூதிய வேலைக்கோ ஒப்பந்த வேலைக்கோ அறிவிப்பு வரும்போது, அதனுடன் ஒரு விண்ணப்பப் படிவமும் கொடுத்திருந்தால், அந்தப் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். அதற்குப் பதிலாக ரெஸ்யூமை அனுப்பினால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம்.

முதலில் விளம்பரத்தைப் படியுங்கள்

ஒரே ரெஸ்யூமை நூறு இடத்துக்கு அனுப்புவது வீண் வேலை. எழுத உட்காரும் முன் வேலை விளம்பரத்தை இரண்டு முறை படியுங்கள். அவர்கள் கேட்கும் விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, "கணக்கு உதவியாளர் தேவை. டேலி தெரிந்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பில் போட்ட அனுபவம் விரும்பத்தக்கது. இருசக்கர வாகன உரிமம் அவசியம்" என்று விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டேலி, ஜி.எஸ்.டி. பில், ஓட்டுநர் உரிமம் என மூன்று விஷயம் கேட்கிறார்கள். இதில் உங்களிடம் இருப்பவை ரெஸ்யூமின் மேல் பாதியிலேயே தெரிய வேண்டும். உரிமம் இருந்தும் அதை எழுதாமல் விட்டால், உங்களிடம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

விளம்பரத்தில் இருக்கும் சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. "டேலி" என்று தேடினால் அந்தச் சொல் இருக்கும் ரெஸ்யூம்தான் மேலே வரும். "கணினிக் கணக்கியல் அறிவு" என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்கள் பின்னுக்குப் போய்விடலாம்.

எது முதலில், எது அப்புறம்?

1. பெயரும் தொடர்பும்: பெயர், செல்போன் எண், இ-மெயில், ஊர், மாவட்டம். வீட்டு எண், தெருப் பெயர் எல்லாம் இப்போது வேண்டாம்.

2. இரண்டு வரி அறிமுகம்: என்ன வேலை தெரியும், எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள்.

3. செய்த வேலைகள்: கடைசியாகச் செய்தது முதலில் வரட்டும். நிறுவனம், பதவி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அங்கே என்ன செய்தீர்கள்.

4. திறன்கள்: மென்பொருள், இயந்திரம், தட்டச்சு, வாகன உரிமம், மொழிகள்.

5. படிப்பு: கடைசியாகப் படித்தது முதலில். படிப்பு, கல்வி நிறுவனம், முடித்த ஆண்டு, மதிப்பெண்.

இப்போதுதான் படித்து முடித்தவர் என்றால் படிப்பையும் திறன்களையும் மேலே கொண்டுவாருங்கள். கல்லூரியில் செய்த ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப், நான் முதல்வன் திட்டத்தில் முடித்த பயிற்சி ஆகியவை அடுத்து வரட்டும்.

அறிமுக வரியை இணையத்தில் இருந்து காப்பி அடிக்காதீர்கள். "சவாலான சூழலில் என் திறமைகளை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்" என்ற வரி எத்தனையோ ரெஸ்யூம்களில் அப்படியே இருக்கிறது. படிப்பவருக்கு அதில் இருந்து உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. "ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி பெற்றவன். லேத், டிரில்லிங் இயந்திரங்களில் வேலை தெரியும். ஷிப்ட் வேலைக்குத் தயார்" என்று எழுதிப் பாருங்கள். அவர் கேட்க நினைத்த மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

'அனுபவம் இல்லை' என்று எழுதும் முன்...

சம்பள ரசீது வந்தால்தான் அனுபவம் என்று நினைக்க வேண்டாம். அப்ரண்டிஸ் பயிற்சி அனுபவம்தான். அப்பாவின் கடையில் சரக்கு எடுத்து, கணக்கு எழுதியதும் அனுபவம்தான். பகுதி நேரமாக டெலிவரி செய்தது, டியூஷன் எடுத்தது, ஊர் நூலகத்தில் உதவியது எல்லாமே எழுதத் தக்கவை. விண்ணப்பிக்கும் வேலையோடு அவற்றுக்கு ஒரு தொடர்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படி எழுதுவது என்பதற்கு மூன்று உதாரணங்கள்:

ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர், சூப்பர் மார்க்கெட் கேஷியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.
முன்பு எழுதியது: "ஜவுளிக் கடையில் 3 வருடம் வேலை."
இப்படி எழுதலாம்: "ஜவுளிக் கடையில் 3 ஆண்டுகள் பில்லிங். ரொக்கம், கார்டு, யு.பி.ஐ. மூன்றிலும் பணம் பெற்று, தினமும் இரவு கல்லாக் கணக்கை முடித்து ஒப்படைத்தேன். தீபாவளி சமயத்தில் புதிதாக வந்த 2 பேருக்குப் பில் போடக் கற்றுக்கொடுத்தேன்."

சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்த இல்லத்தரசி, அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.
முன்பு எழுதியது: "இல்லத்தரசி. அனுபவம் இல்லை."
இப்படி எழுதலாம்: "15 பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர், 5 ஆண்டுகள். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு ஆகியவற்றை எழுதினேன். மாதச் சேமிப்பை வங்கியில் செலுத்தினேன். வங்கிக் கடன் விண்ணப்பங்களைத் தயாரித்தேன்."

பி.காம் முடித்த மாணவர், கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.
முன்பு எழுதியது: "கம்ப்யூட்டர் தெரியும்."
இப்படி எழுதலாம்: "டேலியில் பில் பதிவு, இருப்புக் கணக்கு, வங்கிக் கணக்கு ஒப்பிடுதல் தெரியும். எக்செல்லில் கூட்டல், வடிகட்டல், பிவட் டேபிள் தெரியும். தட்டச்சு ஆங்கிலம் இளநிலை தேர்ச்சி."

மூன்றிலும் எதையும் மிகைப்படுத்தவில்லை. நடந்ததை நடந்தபடி, எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறோம். எத்தனை பேர், எத்தனை வருஷம், எந்த இயந்திரம், எந்தப் புத்தகம் என்று கேட்டுக்கொண்டே எழுதினால் உங்கள் வரிகளும் இப்படி மாறும். "கடின உழைப்பாளி", "நேர்மையானவர்" என்று நாமே நம்மைச் சொல்லிக்கொள்வதைவிட, "தினமும் கல்லாக் கணக்கை முடித்து ஒப்படைத்தேன்" என்ற வரி படிப்பவரின் மனதில் நிற்கும்.

இடைவெளியை மறைக்க வேண்டாம்

"படிச்சு முடிச்சு நாலு வருஷம் ஆச்சு. நடுவுல என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்களே?" இந்தப் பயம் பலருக்கும் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., போலீஸ், வங்கித் தேர்வு என்று சில வருடங்கள் படித்துவிட்டு, அது அமையாமல் தனியார் வேலை தேடுகிறவர்கள் நம் மாநிலத்தில் நிறைய பேர். குழந்தை வளர்ப்புக்காகவோ, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவோ வேலையை விட்ட பெண்களும் நிறைய பேர்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைக்கவும் வேண்டாம், நீட்டி விளக்கவும் வேண்டாம். ஒரே வரி போதும்: "2022 முதல் 2024 வரை: அரசுப் போட்டித் தேர்வுகளுக்குத் தயாரிப்பு." அல்லது "2020 முதல் 2024 வரை: குழந்தை பராமரிப்பு. இப்போது முழு நேரப் பணிக்குத் தயார்." அந்தக் காலத்தில் ஏதாவது பயிற்சி முடித்திருந்தால் அதையும் பக்கத்திலேயே சேருங்கள்.

சிலர் இடைவெளியை அடைக்க, தெரிந்தவர் கடையின் பெயரில் அனுபவச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். இது ஆபத்து. பழைய நிறுவனத்துக்கு போன் போட்டு விசாரிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சில நிறுவனங்கள் பி.எஃப். கணக்கில் இருக்கும் பணி விவரத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. வேலையில் சேர்ந்த பிறகு பொய் தெரிந்தால், அந்த வேலையும் போய்விடும், பெயரும் கெட்டுவிடும். அரியர் இருந்தால் "2 தாள்கள் நிலுவை" என்றே எழுதுங்கள்.

இதையெல்லாம் எழுதாதீர்கள்

ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் எதுவும் ரெஸ்யூமில் வரக் கூடாது. ரெஸ்யூம் ஒரு கையோடு நிற்பதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், ஏஜென்சிக்காரர்களிடம் போகும், ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கும். உங்கள் எண்களை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. வேலை உறுதியான பிறகு நிறுவனம் கேட்டால் மட்டும் கொடுங்கள். அப்போதும் முடிந்தால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்டுக் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் இப்படி மறைத்த நகலை நீங்களே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

மதம், சாதி, தந்தையின் தொழில், உயரம், எடை போன்றவையும் தேவையில்லை. பாதுகாவலர் வேலை போல உயரம் கேட்கும் வேலைக்கு மட்டும் அதை எழுதலாம். விளம்பரத்தில் வயது வரம்பு இருந்தால் பிறந்த தேதியைச் சேருங்கள். போட்டோ கேட்டிருந்தால் மட்டும் போதும்.

ஆங்கிலத்திலா, தமிழிலா?

விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதுவது நல்ல வழி. பெரிய நிறுவனங்களுக்கும் வெளி மாநில வேலைகளுக்கும் ஆங்கிலம் தேவைப்படும். அதற்காகக் கடினமான ஆங்கிலம் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்களே போதும். முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினால் சொல்ல வந்த விஷயம் விடுபடாது.

இப்போது பலர் ஏ.ஐ. செயலிகளில் ரெஸ்யூம் எழுத வைக்கிறார்கள். மொழியைத் திருத்த அது உதவும். ஆனால் நீங்கள் சொல்லாத திறமைகளையும் அதுவே சேர்த்துவிடக் கூடும். ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். நேர்காணலில் "இது என்ன, விளக்குங்க" என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாத வரி எதுவும் அதில் இருக்க வேண்டாம்.

செல்போனிலேயே தயாரிக்கலாம்

கூகுள் டாக்ஸ் போன்ற இலவசச் செயலி ஒன்றில் எழுதுங்கள். ஒரே எழுத்துரு, படிக்கும் அளவு, தலைப்புகளுக்கு மட்டும் தடித்த எழுத்து. கலர் பார்டர், நட்சத்திரக் குறிகள், கட்டம் கட்டிய வடிவங்கள் வேண்டாம். மென்பொருள் படிக்கும்போது அவை குழப்பத்தை உண்டாக்கும். தமிழில் எழுதினால் யுனிகோடு எழுத்துருவில்தான் எழுத வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைலை இன்னொருவர் போனில் திறந்தால் புரியாத எழுத்துகளாகத் தெரியும்.

எழுதி முடித்ததும் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். அச்சிட்ட தாளை கேமராவில் போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கினால் அது படம்தான், எழுத்து அல்ல. மென்பொருளால் அதைச் சரியாகத் தேட முடியாமல் போகலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பி.டி.எஃப்.-ஐத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல் மட்டும் தேர்வாகிறதா? அப்படியென்றால் சரியான ஃபைல்.

ஃபைல் பெயர் "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2" என்று இருக்க வேண்டாம். உங்கள் பெயரும் வேலையின் பெயரும் சேர்ந்து இருந்தால் நூறு ஃபைல்களுக்கு நடுவிலும் எளிதில் கிடைக்கும்.

இ-மெயில் விஷயத்தில் கவனம். பிரவுசிங் சென்டரில் யாரோ உருவாக்கிக் கொடுத்த முகவரி, பாஸ்வேர்ட் தெரியாது என்ற நிலை பலருக்கு இருக்கிறது. நேர்காணல் அழைப்பு அங்கே வந்தால் உங்களுக்குத் தெரியவே வராது. உங்கள் பெயரிலேயே புதிய முகவரி ஒன்றை உங்கள் போனில் தொடங்குங்கள். வேலை தேடும் காலத்தில் தினமும் ஒருமுறை பாருங்கள், ஸ்பேம் பகுதியையும் சேர்த்து. ரெஸ்யூமில் கொடுத்த செல்போன் எண்ணை மாற்றாதீர்கள்.

அனுப்பும்போது மூன்று வரி

வெறும் ஃபைலை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். இப்படி மூன்று வரி எழுதுங்கள்: "வணக்கம். உங்கள் நிறுவனத்தின் கேஷியர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பில்லிங்கில் 3 ஆண்டு அனுபவம் உள்ளது. ரெஸ்யூம் இணைத்துள்ளேன், நன்றி." இ-மெயிலில் தலைப்பு வரியைக் காலியாக விடாமல் பதவியின் பெயரை எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் குரல் பதிவு வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது?

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் தனியார் துறை வேலை இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் பதிவு செய்து விண்ணப்பிக்கலாம். 2015-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளமும் இலவசம்தான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் செய்யும் பதிவு வேறு, இந்த இணையதளங்களில் செய்யும் பதிவு வேறு. ஒன்றில் பதிந்திருந்தால் மற்றொன்றில் தானாகப் பதிவாகாது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கின்றன. அனுமதி இலவசம். முகாமுக்குப் போகும்போது குறைந்தது ஐந்து ரெஸ்யூம் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். ஒரே நாளில் பல நிறுவனங்களைப் பார்க்க முடியும். மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் சேமித்து வைத்திருந்தால் கேட்டவுடன் போனிலேயே காட்டலாம்.

யாராவது பணம் கேட்டால்?

ரெஸ்யூம் அனுப்பத் தொடங்கியதும் தெரியாத எண்களில் இருந்து அழைப்புகள் வரும். "உங்க ரெஸ்யூம் செலக்ட் ஆயிடுச்சு. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் ஆயிரத்து ஐநூறு கட்டுங்க" என்று பேசுவார்கள். யூனிஃபார்ம், ஐ.டி. கார்டு, பயிற்சிக் கட்டணம் என்று காரணம் மாறும். நேர்காணலே நடக்காமல் முதலில் பணம் கேட்டால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி.-யை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

அனுப்பும் முன் ஒருமுறை

• விளம்பரத்தில் கேட்டவை முதல் பாதியிலேயே தெரிகிறதா?
• செய்த வேலைகளில் எண்ணிக்கையும் காலமும் இருக்கிறதா?
• செல்போன் எண், இ-மெயில் சரியா? ஒரு எண் தவறினாலும் அழைப்பு வராது.
• ஆதார், பான், வங்கி விவரம் எதுவும் இல்லையே?
• ஒரு பக்கத்தில், அல்லது இரண்டு பக்கத்துக்குள் முடிகிறதா?

கடைசியாக ஒரு வேலை. ரெஸ்யூமை வீட்டிலோ பக்கத்திலோ ஒருவரிடம் கொடுங்கள். அரை நிமிடம் பார்க்கச் சொல்லி, திரும்ப வாங்கிக்கொண்டு, "எனக்கு என்ன வேலை தெரியும்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் தைரியமாக அனுப்புங்கள். தடுமாறினால், அவர் எந்த இடத்தில் தடுமாறினார் என்று பார்த்து அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.